வன அலுவலக முற்றத்தில் நனையும் தரைப் பலகைகள்

அனுப்புநர்
முன்னாள் மனுத் தட்டச்சர்,
பதிவு அலுவலக வாசல்.
தற்போது: காட்டு வீடு, ஓடையின் மேற்குக் கரை.

பெறுநர்
உயர்திரு வன அலுவலர் அவர்கள்,
வன அலுவலகம்.

பொருள்: காற்றில் சாய்ந்த மரங்களை அறுத்து வீட்டுத் தரைக்கெனச் செய்த பலகைகள் கைப்பற்றப்பட்டமை – அவை அலுவலக முற்றத்தில் காற்றுப் புகாதபடி அடுக்கப்பட்டுக் கெட்டுவருகின்றமை – உடனடி நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: சாய்ந்த மரங்களைப் பயன்படுத்திக்கொள்ளத் தங்கள் அலுவலகம் எனக்கு வழங்கிய அனுமதிச் சீட்டு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. இம்மனுவை எழுதும் நான், பதிவு அலுவலக வாசலில் ஒரு குடையின் கீழ் தட்டச்சு இயந்திரம் வைத்துப் பிறருக்கு மனு அடித்துக் கொடுத்துப் பிழைத்தவள். எல்லைத் தகராறு, குடும்பத் தகராறு, குழாயில் தண்ணீர் வராத தகராறு என ஊராரின் வயிற்றெரிச்சலையெல்லாம் ‘மேற்படி’, ‘மேற்கண்ட’ என்று ஆறவைத்துத் தாளில் இறக்கியிருக்கிறேன். எதிரே யார் அழுதாலும் என் விரல்கள் நின்றதில்லை. இன்று சொந்த மனு என்றதும் தாள் தாளாகக் கிழித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தத் தாளிலும் எங்கேனும் வரம்பு மீறியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. என் அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. ஓடையோரமுள்ள சிறு காட்டையும் அதனுள் இருக்கும் வீட்டையும் எனக்கு எழுதிவைத்துவிட்டுக் காலமானார். வீடு என்பது நான்கு சுவர், தகரக் கூரை, ஓர் அடுப்பு, மண் தரை. ஒடிந்து விழும் கிளைகள் விறகுக்குப் போதும். தோட்டத்தில் பாதியை நானும் மீதியைப் பன்றிகளும் அனுபவித்துவருகிறோம். விழுந்த மரங்களை அப்புறப்படுத்த ஒரு சங்கிலி ரம்பம் வாங்கினேன். விற்றவரே இரண்டு நாள் வந்து பழக்கிக்கொடுத்தார். தட்டச்சில் தேய்ந்த விரல்களுக்கு அது முதலில் முரண்டு பிடித்தது, பிறகு வசப்பட்டது. நகரத்தில் இருந்தவரை எனக்கு வராத தூக்கம் இங்கே வருகிறது. இவ்வளவுதான் என் குடியிருப்பு விவரம்.

3. என் கணவர் தையல் மெஷின் பழுதுபார்ப்பவர். தங்கள் அலுவலகத்தின் பின் தெருவில் கடை வைத்திருக்கிறார். ‘மெஷின் டாக்டர்’ என்று கேட்டால் யாரும் கைகாட்டுவார்கள். உறவினர்கள் பேசிக்கொள்வதுபோல எங்களுக்குள் சண்டை ஏதுமில்லை. இங்கே குடிவந்த முதல் மழைக்காலத்தில் அவரும் என்னுடன் இருந்தார். பாய் ஈரம், தலையணை ஈரம், தீப்பெட்டியும் ஈரம். அவருக்கு முட்டிவலி கூடிக்கொண்டே போனது. ஒருநாள் காலை கால்சட்டையை உதறாமல் மாட்டினார். உள்ளே பூரான் இருந்தது. அதன்பின் நடந்ததை அலுவல் முறைக் கடிதத்தில் எழுத இயலாது. அன்று மாலையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் பின்னாலுள்ள அறைக்குப் போய்விட்டார். போகும்போது அவர் கூறியதை அப்படியே தருகிறேன்: “நீ தரை போடு, நான் வர்றேன். காத்தும் மரமும் எனக்கும் பிடிச்சுத்தான் இருக்கு. பூரானைத்தான் பிடிக்கல.” அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் அதை அரசாணையாக எடுத்துக்கொண்டேன்.

4. இப்போது அவருக்குக் கண் மங்கிவருகிறது. ஊசியில் நூல் கோக்கப் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிடுகிறார். இம்மாதக் கடைசியில் கடையைக் காலி செய்கிறார். தொலைவில் வேறொரு நகரத்தில் வசிக்கும் அவருடைய அக்கா, தம்பிக்காக மாடியில் ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறார். என் நாத்தனார் நல்ல மனுஷி, குறை சொல்ல மாட்டேன். “கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேன்” என்கிறார் கணவர். ரயிலேறிப் போகும் தூரத்தில், சாப்பாடும் வெந்நீரும் கைக்கு வந்து சேரும் வீட்டில், இந்த வயதில் கொஞ்ச நாள் என்பது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். அவர் போய்விடுவார் என்ற பயம் எனக்கு இருக்கிறது. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வழி தெரியாததால் நேராகவே எழுதிவிட்டேன். அவர் புறப்படுவதற்குள் இந்த வீட்டுக்குத் தரை போட்டாக வேண்டும். என் வழக்கின் சாரம் இதுவே.

5. சென்ற ஆண்டுப் பெருங்காற்றில் வைரம் பாய்ந்த மரங்கள் சில வேரோடு சாய்ந்தன. அவற்றை அறுத்துக்கொள்ள அனுமதி கேட்டு முறைப்படி தங்கள் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தேன். அப்போதிருந்த வனவர் நேரில் வந்து பார்த்தார், சாய்ந்தவை காற்றில் சாய்ந்தவையே என்று உறுதி செய்தார். நான் துண்டு போட்டு வைத்திருந்த ஒவ்வொரு தடியின் முனையிலும் முத்திரைச் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி அடித்தார். அனுமதிச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது, “தரைக்குன்னா நல்லா காய வைங்கம்மா, அவசரப்பட்டீங்கன்னா பலகை உங்களைப் பாத்துச் சிரிக்கும்” என்றார். அவர் பின்னர் மாற்றலாகிப் போய்விட்டார். இன்று அவர் இங்கே இருந்திருந்தால் இந்த மனுவுக்கே வேலை இருந்திருக்காது.

6. அந்தத் தடிகளை இழுத்துவர வண்டியோ ஆளோ கிடையாது. ஆகவே மரம் கிடந்த இடத்திலேயே அறுத்தேன். தடியின் முதுகில் ஒரு ஏணியைப் படுக்கவைத்து ஆணியடித்து, ரம்பத்தை இரும்புச் சட்டத்தில் பூட்டி, அந்த ஏணியின் மேல் தள்ளிக்கொண்டே போனால் முதல் வெட்டு சமமாக விழும். ஏணி நேராக இருந்தால் பலகையும் நேராக இருக்கும். பிறகு ஏணி தேவையில்லை, வெட்டிய முகமே அடுத்த வெட்டுக்கு வழிகாட்டும். தடிக்குப் பக்கத்தில் குனிந்தபடியே நகர வேண்டும். காதுமூடியையும் மீறிச் சத்தம் மண்டைக்குள் இறங்கும். முடி, புருவம், டீக் குவளை எல்லாவற்றிலும் மரத்தூள். ஆயினும் முதல் பலகையைப் புரட்டிப் போட்டு, யாரும் அதுவரை பார்த்திராத அந்த ஈரச் செம்முகத்தைப் பார்த்தபோது நான் தனியாக நின்று சிரித்தேன். எவருக்காவது ஓடிப்போய்க் காட்ட வேண்டும்போல் இருந்தது. காட்டவில்லை.

7. இந்த இடத்தில்தான் என் தவறு நிகழ்ந்தது. தடியின் முனையில் மண்ணும் மணலும் அப்பியிருக்கும். வெயிலில் வெடித்தும் இருக்கும். அப்படியே ரம்பத்தை விட்டால் சங்கிலியின் பல் மழுங்கிவிடும். ஆகவே, மரம் அறுக்கும் எவரும் செய்வதுபோல, முனையில் ஒரு வட்டத் துண்டைச் சீவித் தள்ளிவிட்டே ஒவ்வொரு தடியையும் அறுக்கத் தொடங்கினேன். தங்கள் முத்திரை இருந்தது அந்த வட்டத் துண்டில். அலுவலர் வந்தார், பார்த்தார், முத்திரையிட்டார், அத்துடன் முத்திரையின் வேலை முடிந்தது என்று எண்ணிவிட்டேன். கடிதம் வந்து சேர்ந்தபின் உறையைக் கிழித்துப் போடுவதைப்போல. பலகையாக மாறிய பிறகும் அடையாளம் தேவைப்படும் என்பது, வாழ்நாளெல்லாம் முத்திரைத் தாளில் தட்டச்சு செய்தவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இதற்காக மிகவும் வருந்துகிறேன்.

8. வட்டத் துண்டுகளை நான் எறிந்துவிடவில்லை. வேலிப் படலிலிருந்து வாசற்படி வரை மழைக்காலத்தில் சேறாகும். என் கணவர் வரும்போது சேற்றில் கால் வைக்கக் கூடாது என்று, அந்தத் துண்டுகளை அடிக்கு அடி மண்ணில் பதித்து நடைபாதை போட்டேன். புதிதாக வெட்டிய முகம் வழவழப்பாக, வளையங்கள் தெரிய அழகாக இருந்ததால் அதை மேலே வைத்தேன். முத்திரை இருந்த சொரசொரப்பான முகம் கீழே போயிற்று. கரையான் ஏறாமலிருக்க அந்தக் கீழ்முகத்துக்குத் தாரும் பூசினேன். ஆதாரத்தைத் தன் கையாலேயே தார் பூசிப் புதைத்த மனுதாரரை நான் இதுவரை சந்தித்ததில்லை. என் குடையின் கீழ் வந்தவர்களில்கூட அப்படி ஒருவர் இல்லை.

9. பலகைகளைக் கொட்டகையில் அடுக்கினேன். பச்சைப் பலகையை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி வைக்கக் கூடாது. இரண்டு பலகைகளுக்கு நடுவே விரல் பருமனில் குச்சிகளைக் குறுக்கே வைத்து, ஒவ்வொன்றின் மேலும் கீழும் காற்று ஓடும்படி அடுக்க வேண்டும். உச்சியில் கல் ஏற்ற வேண்டும். பிறகு பொறுமையாக இருக்க வேண்டும். ஒரு கோடையும் ஒரு மழையும் பொறுமையாக இருந்தேன். இடையில் கணவர் தொலைபேசியில் “என்ன பண்ற?” என்று கேட்கும்போதெல்லாம் “சும்மாத்தான் இருக்கேன்” என்றே பதில் கூறினேன். அவர் எதுவும் அறியாமல் வாசலில் செருப்பைக் கழற்றி, உள்ளே கால் வைத்து, கீழே குனிந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அந்த ஒரு நிமிடத்துக்காக வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். சொல்லியிருந்தால், வந்து பார்த்திருப்பார். என் பக்கம் பேச ஒரு சாட்சியாவது இருந்திருக்கும்.

10. பலகைகள் நன்றாகக் காய்ந்து, இழைத்துத் தரையில் பொருத்தும் வேலையைத் தொடங்கவிருந்த வாரத்தில், ஓடைப் பாலம் வழியாக ரோந்து வந்த தங்கள் பணியாளர்கள் கொட்டகையைக் கண்டு உள்ளே வந்தனர். அனுமதிச் சீட்டைக் காட்டினேன். அதில் முத்திரை குறிப்பிடப்பட்டிருந்தது, பலகையில் முத்திரை இல்லை. எங்கே என்று வனக் காவலர் கேட்டார். “நீங்க அது மேலதான் நிக்கிறீங்க” என்றேன். அவர் பதறிக் காலைத் தூக்கினார். கடப்பாரையால் ஒரு துண்டைப் பெயர்த்து, கத்தியால் தாரைச் சுரண்டினோம். பாதி முத்திரை தெரிந்தது. மறுபாதி தாரோடு வந்துவிட்டது. காவலர் என்னிடம் கூறியது: “நான் நம்புறேம்மா. ஆனா பலகையில இல்லையே. நாளைக்கு மேலேர்ந்து கேட்டா நான் என்ன சொல்றது?” அவர் மீது எனக்குப் புகார் எதுவுமில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். அவர் நிலையில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

11. பலகைகளை வண்டியில் ஏற்றினார்கள். ஏற்றும்போது நடுவிலிருந்த குச்சிகளையெல்லாம் உருவித் தரையில் போட்டார்கள். அவையும் கூடவே போக வேண்டும் என்று வண்டி ஓட்டுநரிடம் கேட்டுக்கொண்டேன். அவர், “குச்சிக்கெல்லாம் ரசீது போட முடியாதும்மா” என்றார். விதிப்படி அவர் கூறியது சரியாக இருக்கலாம். வண்டி போனபின் குச்சிகளைப் பொறுக்கி ஒரு சாக்கில் கட்டினேன்.

12. சில நாட்கள் கழித்து விசாரணைக்காகத் தங்கள் அலுவலகம் வந்தேன். தாங்கள் முகாம் சென்றிருந்தீர்கள். பலகைகளைப் பார்க்க மட்டும் எழுத்தர் அனுமதித்தார். சைக்கிள் நிறுத்தும் இடத்தை ஒட்டிய சுவரோரம், மண்ணின் மேலேயே, ஒன்றோடொன்று ஒட்ட அடுக்கப்பட்டிருந்தன. மேலே தார்ப்பாய் போட்டுக் கயிற்றால் இறுகக் கட்டியிருந்தது. நல்லெண்ணத்தில்தான் கட்டியிருப்பார்கள். ஆனால் அடுக்கை ஒட்டிக் கூரைத் தண்ணீர் விழுகிறது. அடியில் புகுந்த ஈரம் வெளியேற வழியில்லை. ஓரத்தில் தார்ப்பாயைத் தூக்கினேன். நீலப் பூஞ்சை பூத்திருந்தது, மேல் பலகை முறுக்கத் தொடங்கியிருந்தது. உச்சியில் யாரோ பூந்தொட்டிகள் வைத்திருந்தார்கள். செடிகள் செழிப்பாக இருந்தன.

13. குச்சிச் சாக்கை அன்று பேருந்தில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தேன். நானே குச்சி வைத்து அடுக்கிவிட்டுப் போகிறேன் என்று எழுத்தரிடம் கேட்டேன். “கேஸ் சொத்தும்மா. நீங்க தொட்டீங்கன்னா அது வேற கேஸ் ஆயிடும்” என்றார். வாசல் காவலர் சாக்கைப் பார்த்துவிட்டு, “விறகாம்மா? நம்ம கேன்டீனுக்கு வேணுமான்னு கேக்கவா?” என்று அன்பாகவே கேட்டார். வாசலோரம் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று நான் அழுதேன். மனுவில் இதற்கு இடமில்லை என்று அறிவேன், ஆயினும் நடந்தது அதுவே.

14. அங்கிருந்து பின் தெருவுக்குப் போய்க் கணவரிடம் எல்லாவற்றையும் கூறினேன். அவர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும் சிரித்தார். “நீ மரம் அறுத்த. பலகை போட்ட. அதை ஆபீஸ்ல புடிச்சு வச்சுட்டாங்க. தரை போடாததுக்கு இவ்வளவு நல்ல காரணம் யாரும் சொல்லி நான் கேட்டதில்ல” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். கடையைச் சாத்திவிட்டு என்னுடன் தங்கள் அலுவலக வாசலுக்கு வந்தார். வழக்கில் சம்பந்தப்படாதவர் உள்ளே வரக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். தெருவிலிருந்து பார்த்தால் மதில் மட்டுமே தெரிகிறது. கால் கடுக்கச் சற்று நேரம் நின்றார். “சரி விடு, வா. ஒரு டீ குடிச்சிட்டுப் போ. அக்காகிட்ட வர்றேன்னு சொல்லிட்டேன், இனிமே மாத்த வேணாம்” என்றார். அவர் நம்பினாரா, என்னைத் தேற்றுவதற்காக நம்பியதுபோல் இருந்தாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. முப்பது வருடம் கூட வாழ்ந்தும் அந்த ஒன்றைக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

15. ஆகவே கீழ்க்கண்டவற்றைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

வழக்கு எப்படி முடிந்தாலும், அதுவரை பலகைகள் உயிரோடு இருக்க வேண்டும். அவற்றை மண்ணிலிருந்து தூக்கி, நடுவே குச்சி வைத்து, பக்கவாட்டில் காற்றுப் புகும்படி அடுக்க உத்தரவிடுங்கள். தங்கள் காவலர் ஒருவர் அருகில் நிற்க, நானே வந்து செய்துதரத் தயாராக இருக்கிறேன். குச்சி எப்படி இருக்கும் என்பது தெரிவதற்காக ஒன்றை இம்மனுவுடன் நூலால் கட்டி வைத்துள்ளேன். இதைத் திருப்பித் தர வேண்டியதில்லை.

உரிமை குறித்த ஐயம் இருப்பின், ஒரு பணியாளரை அனுப்பி என் நடைபாதையைப் பெயர்த்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். எந்தத் துண்டின் வளையம் எந்தப் பலகையின் முனையோடு சேர்கிறது என்று பொருத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். மாற்றலாகிப் போன வனவரையும் ஒரு வார்த்தை கேட்கலாம். தரை கிடைக்குமென்றால் நடைபாதை போவதில் எனக்கு வருத்தமில்லை.

இத்தனைக்குப் பிறகும் விதி இடம் தராது என்று தாங்கள் கருதினால், அதற்கும் கட்டுப்படுகிறேன். ஏலத்துக்குப் போகுமானால், எடுப்பவரிடம் இவை தரைக்கென அறுத்தவை என்று சொல்லுங்கள். யாரேனும் ஒருவர் வீட்டில் காலுக்குக் கீழே கிடக்கட்டும். அடுப்புக்குப் போக வேண்டாம்.

16. பொருள் பகுதியில் எழுதக் கூச்சப்பட்டு விட்டுவிட்ட ஒரு கோரிக்கை உண்டு. மேற்கண்ட எதுவும் இம்மாதத்துக்குள் நடக்கக்கூடியதல்ல என்பதை நான் அறிவேன். எத்தனையோ பேருக்கு ‘காலதாமதமின்றி’ என்று அடித்துக் கொடுத்தவள் நான், அது எவ்வளவு காலம் எடுக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஒன்றைத் தாங்கள் நினைத்தால் இன்றே செய்யலாம்.

என் கணவரைப் பத்து நிமிடம் தங்கள் முற்றத்துக்குள் அனுமதியுங்கள். கடை மாதக் கடைசி வரை திறந்திருக்கும், ஆள் அனுப்பினால் வந்துவிடுவார். தார்ப்பாயை அவிழ்த்து, பூந்தொட்டிகளை இறக்கி, மேலே முறுக்கிய பலகையை விட்டுவிட்டு அடியிலுள்ள ஏதேனும் ஒன்றை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அவருக்குக் கண் மங்கல், ஆகவே தொட்டுப் பார்க்க விடுங்கள். வழக்குச் சொத்து என்று தடுக்க வேண்டாம். மெஷினின் அடித்தட்டைத் தடவிப் பார்த்தே அது சமமாக இருக்கிறதா இல்லையா என்று சொல்பவர் அவர். உள்ளங்கையை ஒரு முறை ஓட்டினால் போதும், யார் அறுத்தது, எத்தனை நாள் அறுத்தது, எதற்காக அறுத்தது என்று அவருக்கே தெரிந்துவிடும். நான் கூட இருக்க வேண்டியதில்லை. பார்த்துவிட்டு அவர் அக்கா வீட்டுக்கே ரயிலேறினாலும் நான் தடுக்க மாட்டேன். தனக்கென்று ஒரு தரை அறுத்து வைக்கப்பட்டிருந்தது என்று தெரிந்துகொண்டு அவர் போகட்டும்.

தங்கள் கையெழுத்து ஒன்றுக்காகக் காத்திருக்கும்,

மனுதாரர்
(ஒப்பம்)

இடம்: காட்டு வீடு
நாள்: இம்மாதம் மூன்றாம் வாரம், திங்கட்கிழமை